கோமோ எஸ்தாஸ் என்று கேட்டால் என்னதான் பதில் சொல்வது?

கேள்வி: 5 பிப்ரவரி 2024

சென்னையில் இருந்து மெக்சிகோ குழுவோடு வேலை செய்கிறேன். அவர்களுக்குக் காலை எட்டரை, நமக்கு இரவு எட்டு. கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஸ்பானிஷில் "கோமோ எஸ்தாஸ்?", அதாவது எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல "முய் பியென், கிராஸியாஸ்", ரொம்ப நன்றாக இருக்கிறேன், நன்றி என்கிறேன். உடனே ஒரு மௌனம். எதையோ எதிர்பார்த்துக் காத்திருப்பதுபோலத் தெரிகிறது. நான் எதை விடுகிறேன்? அப்புறம், நிஜமாகவே உடம்பு சரியில்லாத நாளில் அதைச் சொல்லலாமா, கூடாதா?

5 பிப்ரவரி, இரவு

"இ தூ?" என்பதை விட்டுவிட்டீர்கள். "பியென், இ தூ?" அவ்வளவுதான். நன்றாக இருக்கிறேன், நீ? கேட்டவரைத் திருப்பிக் கேட்காமல் நிறுத்தினால் பதில் பாதியில் நிற்கிறது. அந்த மௌனம் அதற்காகத்தான்.

பெரியவர், வாடிக்கையாளர், முதல் அறிமுகம் என்றால் "இ உஸ்தெத்?", மரியாதையாக நீங்கள்? பலரைச் சேர்த்துக் கேட்டால் "இ உஸ்தெதெஸ்?". கூட்டத்தில் "கோமோ எஸ்தான்?" என்று மொத்தமாகக் கேட்டால் நீங்கள் தனியாக மைக்கைத் திறந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. பெயர் சொல்லிக் கேட்டால் சொல்லியே ஆக வேண்டும்.

"முய் பியென், கிராஸியாஸ்" தவறு இல்லை. ஆனால் ஹோட்டல் வரவேற்பாளரிடம் பேசுகிற தொனி அது. தினமும் பார்க்கிறவர்களிடம் "பியென், பியென், இ தூ?" என்று இரண்டு பியென் போடுங்கள். அங்கே காதில் விழுவது பெரும்பாலும் அதுதான்.

5 பிப்ரவரி, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், "தூ" என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல நமக்கு நாக்கு கூசும். பழகிவிடும். கொஞ்சம் சிரித்த முகமாகச் சொல்லுங்கள். துப்புகிற தூவுக்கும் இதற்கும் முகபாவம்தான் வித்தியாசம்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ஸ்பானிஷ் "த" பல்லில் நாக்குப் படுகிற நம் த. எஸ்தாஸ் என்று நம் த-வை வைத்தே சொல்லலாம். ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் "எஸ்டாஸ்" என்கிறார்கள், தேவையே இல்லை. ஆனால் பியென்னில் வருவது பம்பரத்தின் முதல் ப அல்ல, பஸ்ஸின் ப. அவர்களுக்கு வ என்று தனி ஒலி கிடையாது. எழுத்தில் வி போட்டிருந்தாலும் வாயில் ப-தான்.

6 பிப்ரவரி

இரண்டாவது கேள்வியைத் தொடவே இல்லை நேற்று. உண்மையைச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் படிப்படியாக. எடுத்த எடுப்பிலேயே "மால்" என்று சொன்னால், அதாவது மோசம் என்றால், எதிராளி வேலையை நிறுத்திவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டே ஆக வேண்டும். அதற்கு நீங்களும் அவரும் தயார் என்றால் சொல்லுங்கள். இல்லையென்றால் நடுவில் நிறைய வார்த்தைகள் இருக்கின்றன.

மெக்சிகோவில் நான் அதிகம் கேட்டவை இரண்டு. "அயீ லா யெபாமோஸ்", ஏதோ ஓட்டிக்கொண்டு போகிறோம் என்பது மாதிரி. இன்னொன்று "அக்கீ, எச்சாந்தோலே கானாஸ்". சோர்வு இருக்கிறது, விடாமல் முட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதை ஒன்றாகச் சொல்வது. இந்த இரண்டாவதைத் திங்கட்கிழமை சொல்லிப் பாருங்கள், குழு முழுக்கச் சிரிக்கும். சம்பளம் வராத மாதம், பரீட்சை வாரம், விவாகரத்து, எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். கேட்கிறவர் குரலை வைத்து அளவை ஊகித்துக்கொள்வார்.

"மாஸ் ஓ மேனோஸ்" என்றால் சுமார். அதற்குப் பிறகு ஒரு காரணம் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். "மாஸ் ஓ மேனோஸ், தூங்கவே இல்லை" என்று சேர்த்துச் சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிடும். காரணம் சொல்லாமல் விட்டால் தோண்டுவார்கள்.

"ரெகுலார்" என்ற சொல்லில் நம் ஆட்கள் நிறையப் பேர் விழுகிறார்கள். நமக்கு ரெகுலர் என்றால் எப்போதும்போல, பிரச்சினை இல்லை. அவர்கள் "எஸ்தோய் ரெகுலார்" என்று சொன்னால் அவ்வளவு நன்றாக இல்லை என்று பொருள். ஸ்பெயினில் இன்னும் கீழே. "சாப்பாடு ரெகுலார்" என்று ஒருவர் சொன்னால் அந்தக் கடைக்குப் போகாதீர்கள்.

அப்புறம் "அஸீ அஸீ". பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் இருக்கிறது, கையை ஆட்டிக்காட்டுகிற படத்தோடு. புத்தகத்துக்கு வெளியே யாராவது அதைச் சொல்லி நான் கேட்டது கிடையாது. அகராதியில் உண்டு, ஆகவே தப்பு என்று சொல்ல மாட்டேன்.

6 பிப்ரவரி, மாலை

ஒருவர், "இதெல்லாம் வெற்றுச் சடங்கு, அமெரிக்கர்கள் ஹவ் ஆர் யூ கேட்பதுபோல, யாருக்கும் பதில் தேவையில்லை" என்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன். முதல் கேள்வி சடங்குதான். ஆனால் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அக்கறையை வேறு கேள்விகளில் வைத்திருக்கிறார்கள். கோமோ எஸ்தாஸை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் அது தெரியாது.

மெக்சிகோவின் குவாதலஹாராவில் நான் இருந்த குடியிருப்பில் இரவுக் காவலாளி ஒருவர். வயதானவர். வாசலில் எல்லோரிடமும் ஒரே "கே தால்", எப்படி என்று. நானும் நடந்துகொண்டே பியென் என்று போய்விடுவேன். அம்மாவுக்கு மதுரையில் அறுவை சிகிச்சை என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாளில் இருந்து கேள்வி மாறிவிட்டது. "கோமோ ஸீகெ ஸு மாமா?" அதாவது, அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது, போன தடவை சொன்னதில் இருந்து முன்னேற்றமா? முன்பே கேட்டறிந்தவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது. நினைவில் வைத்திருக்கிறேன் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. அதற்கு வெறும் பியென் போதாது. "மெஹோர், கிராஸியாஸ்", பரவாயில்லை, தேறிவருகிறார் என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர் பதிலுக்கு "கே ஸெ மெஹோரெ" என்பார், குணமாகட்டும் என்று.

இதில் ஒரு வேடிக்கை. அவர்களுக்கு அம்மாதான் மாமா, கடைசி எழுத்தில் அழுத்தம். போனில் அக்கா லைனில் இருந்தபோது காவலாளி இதைக் கேட்க, அந்தப் பக்கத்தில் இருந்து "எந்த மாமாடா? என்ன ஆச்சு மாமாவுக்கு?" என்று ஒரே பதற்றம்.

7 பிப்ரவரி

மாமா பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. புத்தகத்தில் அம்மா என்பதற்கு மாத்ரெ என்று இருக்கும். ஸ்பெயினில் "கோமோ எஸ்தா து மாத்ரெ?" சாதாரணமான விசாரிப்பு. மெக்சிகோவில் அந்தச் சொல்லைச் சுற்றி ஏகப்பட்ட வசவுகள் பின்னிக் கிடக்கின்றன, "து மாத்ரெ" என்று தனியாக வந்தாலே சண்டைக்கு இழுப்பது. மாமா என்றே சொல்லுங்கள். ஐம்பது வயது மேலாளரும் தன் தாயை மி மாமா என்றுதான் சொல்வார்.

9 பிப்ரவரி

எஸ்தாஸ் ஏன், எரெஸ் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறார்கள். ஸ்பானிஷில் "இருத்தல்" என்பதற்கு ஸேர், எஸ்தார் என்று இரண்டு வினைகள். எரெஸ், எஸ் எல்லாம் ஸேரின் வடிவங்கள்; எஸ்தாஸ், எஸ்தா எல்லாம் எஸ்தாரின் வடிவங்கள். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி, ஏனென்றால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை. ஸேர் நிரந்தரம், எஸ்தார் தற்காலிகம் என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள். அந்த விதி முதல் வாரத்திலேயே கவிழ்ந்துவிடும். செத்துப்போவதைவிட நிரந்தரம் எது? அதற்கு எஸ்தார்தான் வருகிறது, "எஸ்தா முவெர்த்தோ".

தமிழ் வழியாகப் பார்த்தால் பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. நம்மிடம் வினையே இல்லாத வாக்கியம் ஒன்று, "இரு" போடுகிற வாக்கியம் ஒன்று.

"புது மேனேஜர் எப்படி?" என்று கேட்டால், "நல்லவர், கொஞ்சம் முன்கோபி" என்று குணத்தைச் சொல்வோம். இது ஸேர்: "கோமோ எஸ்?"

"மேனேஜர் எப்படி இருக்கார்?" என்று கேட்டால், "காய்ச்சல் விட்டாச்சு, நல்லா இருக்கார்" என்போம். இது எஸ்தார்: "கோமோ எஸ்தா?"

அவர் டாக்டர், இது மேசை, நான் மதுரைக்காரன்: இருக்கு போட மாட்டோம், அங்கே ஸேர். அவர் வீட்டில் இருக்கிறார், சோர்வாக இருக்கிறார்: இருக்கு போடுவோம், அங்கே எஸ்தார். எனக்கு மிகவும் பிடித்தது இடம் பற்றியது. கோயில் மயிலாப்பூரில் இருக்கிறது, ஆகவே எஸ்தா. கல்யாணம் கோயிலில், ஆகவே எஸ். ஸ்பானிஷிலும் பொருள் இருக்கும் இடத்துக்கு எஸ்தார், நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்கு ஸேர். ஆங்கில வழியில் வந்தவர்கள் இதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்கிறார்கள். நாம் பிறந்ததில் இருந்து அப்படித்தான் பேசுகிறோம்.

9 பிப்ரவரி, ஒரு மணி நேரம் கழித்து

யோசித்துப் பார்த்தால் மேலே சொன்னது எல்லா இடத்திலும் ஓடாது. "அவர் உயரமா இருக்கார்" என்று நாம் இருக்கு போடுகிறோம், அவர்கள் எஸ் ஆல்தோ என்று ஸேர் போடுகிறார்கள். "பொண்ணு அழகா இருக்கா" என்பதும் அப்படித்தான். பிறவி அழகு என்றால் எஸ், இன்று இந்த உடையில் அழகு என்றால் எஸ்தா. உருவ வர்ணனை வந்தால் தமிழை நம்பாதீர்கள். நலம் விசாரிப்பதற்கும் இடம் சொல்வதற்கும் நம்பலாம்.

10 பிப்ரவரி

"எஸ்தோய் புவெனோ" பற்றி யாரும் இன்னும் கேட்கவில்லை என்பது ஆச்சரியம். நல்ல என்பதற்கு புவெனோ, நன்றாக என்பதற்கு பியென். நல்லா இருக்கேன் என்று சொல்ல வந்து "எஸ்தோய் புவெனோ" என்றால், கட்டழகன், பார்த்தாலே கிறங்குவீர்கள் என்று நீங்களே உங்களைப் பற்றிச் சொல்வதாக ஆகும். பெண்கள் "எஸ்தோய் புவெனா" என்றாலும் அதே கதை, கூடுதல் சங்கடத்தோடு. சாப்பாட்டைப் பற்றி "எஸ்தா புவெனோ" என்றால் ருசியாக இருக்கிறது, அதில் வில்லங்கம் இல்லை. காய்ச்சல் குணமானவர் "யா எஸ்தோய் புவெனோ" என்பதும் சில ஊர்களில் உண்டு. அது அவர்கள் வாயில் இருக்கட்டும், நாம் பியென்னோடு நிற்போம்.

14 பிப்ரவரி

கொலம்பியா போகிறவர் ஒருவர் தனியாகக் கேட்டார், இங்கேயே எழுதுகிறேன்.

அங்கே விசாரிப்பு "கே மாஸ்?". வேறென்ன என்று அர்த்தம். அறிமுகமே ஆகாதவர் வந்ததும் வேறென்ன என்று ஆரம்பித்தால், நாம் ஏதோ சொல்லி முடித்த மாதிரியும் அவர் மிச்சத்தைக் கேட்பது மாதிரியும் இருக்கும். பதில் "பியென், இ உஸ்தெத்?". வரிசையாக "கே மாஸ், கோமோ லெ வா, கோமோ எஸ்தா, கோமோ லெ அ இதோ" என்று நாலைந்து கேள்வி மூச்சுவிடாமல் வரும். ஒவ்வொன்றுக்கும் பதில் தேவையில்லை. நீங்களும் பதிலுக்கு இரண்டு கேள்வியை அடுக்குங்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே கைகுலுக்கிவிட்டு உட்காரலாம். (கே மாஸ் என்று கேட்டதும் எனக்கு விசில் அடிக்கத் தோன்றும். அந்த மாஸ் வேறு, இந்த மாஸ் வேறு.)

அங்கே இன்னொரு குழப்பம் உஸ்தெத். மரியாதைக்கு உஸ்தெத், நெருக்கத்துக்குத் தூ என்று படித்துவிட்டுப் போவீர்கள். பொகோதாவில் இரண்டு நண்பர்கள் ஒருவரையொருவர் உஸ்தெத் என்பார்கள். புருஷன் பெண்டாட்டி உஸ்தெத். பக்கத்தில் பொயாகா பகுதியில் "ஸுமெர்ஸே" என்று அதைவிடப் பழைய மரியாதைச் சொல் அன்பாகப் புழங்குகிறது. கோஸ்தா ரிகாவில் நாய்க்குட்டியையே உஸ்தெத் என்று கொஞ்சுவார்கள். நம் ஊரில் குழந்தையை "வாங்க, சாப்பிடுங்க" என்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆகவே அவர் உங்களை உஸ்தெத் என்றால் விலக்கி வைக்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் எதைச் சொல்கிறாரோ அதையே திருப்பிச் சொல்லுங்கள். இது எந்த நாட்டிலும் காப்பாற்றும்.

15 பிப்ரவரி

மேலே எழுதியது பொகோதா பக்கத்துக்கு. காலி, மெதெயின் ஊர்களில் நீ என்பதற்குத் தூவோடு "போஸ்" என்ற சொல்லும் புழங்குகிறது. அர்ஹெந்தினா (நம் அர்ஜென்டினா), உருகுவாய், மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் போஸ் உண்டு. பல வினைகள் அதற்கு மாறும். நல்ல வேளையாக இந்த வினை மாறாது. தூ எஸ்தாஸ், போஸ் எஸ்தாஸ், இரண்டும் ஒன்றே. எங்கே போனாலும் "கோமோ எஸ்தாஸ்" அடிபடாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். "கோமோ அந்தாஸ்?", எப்படிப் போகிறது என்று கேட்க ஆரம்பித்தால்தான் மாட்டுவீர்கள். மெக்சிகோவில் அழுத்தம் முதலில், புவெனோஸ் ஐரெஸில் கடைசியில்.

15 பிப்ரவரி, மதியம்

புவெனோஸ் ஐரெஸ் என்றதும் நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு சக ஊழியர், எந்த நாளும் கோமோ அந்தாஸ் என்று கேட்டால் "மால், பெரோ அகோஸ்தும்ப்ராதோ" என்பார். மோசம், ஆனால் பழகிவிட்டது. அர்ஹெந்தினாவில் பலரும் சொல்லும் நகைச்சுவைப் பதில் அது. மால் என்றால் எதிராளி பதறுவார் என்று முன்பு எழுதினேன் அல்லவா, அது இப்படி வால் ஒட்டாத மாலுக்கு. அங்கே விலைவாசி ஏறுகிற ஏற்றத்தில் "ரெமாந்தோலா" என்றும் சொல்வார்கள், துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று. மெக்சிகோக்காரரின் எச்சாந்தோலே கானாஸுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி.

19 பிப்ரவரி

கியூபா. "கே போலா, அஸேரே?" தெருப்பேச்சு, நண்பர்களுக்குள். 2016 மார்ச் 20 அன்று ஒபாமா ஹவானாவில் விமானம் இறங்கியதும் ட்விட்டரில் "கே போலா கூபா?" என்றுதான் தொடங்கினார். அமெரிக்க அதிபர் ஒருவர் பதவியில் இருக்கும்போது அங்கே கால் வைத்தது 1928-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை, அதில் இந்த வார்த்தை. நம் ஊருக்கு வந்த வெளிநாட்டுத் தலைவர் வணக்கம் என்று சொல்வது ஒன்று, "என்ன மச்சி, எப்படிப் போகுது" என்று கேட்பது வேறொன்று. இது இரண்டாவது வகை. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே பட்டது. சக ஊழியர்களில் கியூபாக்காரர் ஒருவருக்குப் பிடித்திருந்தது.

அதற்கு அங்கே வழக்கமான பதில் "அயீ, என் லா லூச்சா". போராட்டத்தில் இருக்கிறேன். புரட்சி காலத்துச் சொல்தான், இப்போது ரொட்டிக்கும் கோழிக்கும் வரிசையில் நிற்பதைக் குறிக்கிறது.

இன்னொன்று, கியூபா, தொமினிக்கன் குடியரசு, புவெர்தோ ரிகோ மூன்றிலும் சொல்வரிசையே மாறும். "கோமோ தூ எஸ்தாஸ்?" என்பார்கள், ஸ் பாதி காணாமல் போய் "கோமோ தூ 'தா?" என்று காதில் விழும். வகுப்பில் இப்படி எழுதினால் சிவப்பு மை. அங்கே தெருவில் எல்லோரும் இப்படித்தான்.

19 பிப்ரவரி, இரவு

கோஸ்தா ரிகாவை விட்டுவிட்டேன் என்று கோபிக்கிறார்கள். "பூரா பீதா?" என்று கேட்டால் "பூரா பீதா" என்று பதில். சொல்லுக்குச் சொல் தூய வாழ்க்கை. விடைபெறவும் பூரா பீதா, நன்றிக்கும் பூரா பீதா. சோம்பேறிகளுக்கு உகந்த நாடு. வேறு என்ன எழுத?

26 பிப்ரவரி

கொஞ்சம் கடல் தாண்டிப் போகிறேன். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ பிலிப்பைன்ஸ்காரர்களோடு வேலை செய்தவர்கள் "குமுஸ்தா" கேட்டிருப்பீர்கள். அது "கோமோ எஸ்தா"தான். 1565 முதல் 1898 வரை ஸ்பெயின் அங்கே ஆண்டது. ஆட்சி போய்விட்டது, பேச்சுமொழியாக ஸ்பானிஷும் ஏறக்குறையப் போய்விட்டது, நலம் விசாரிக்கிற வாக்கியம் ஒரே சொல்லாக ஒட்டி அங்கேயே தங்கிவிட்டது. ஆனால் உஸ்தெத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களிடம் "குமுஸ்தா போ காயோ" என்பார்கள். காயோ என்பது பன்மை, ஒருவரையே பன்மையில் மரியாதையாகக் கூப்பிடுவது. நம் "நீங்கள்" மாதிரியே. பதில் "மபூத்தி", நலம், அது அவர்கள் சொந்தச் சரக்கு. கேள்வி ஸ்பெயினுடையது, பதில் அவர்களுடைய தகாலோக் மொழி.

பராகுவாயில் தலைகீழ். அங்கே ஸ்பானிஷும் இருக்கிறது, 1992 அரசியல் சாசனப்படி பூர்வகுடி மொழியான குவாரனியும் ஆட்சிமொழி. ஸ்பானிஷில் பேசிக்கொண்டிருக்கிறவர்களே நலம் விசாரிக்க மட்டும் குவாரனிக்குத் தாவி "ம்பஎய்ஷாபா?" என்பார்கள். பதில் "இபொரா", நலம், கடைசி எழுத்து மூக்கால்.

4 மார்ச்

இப்போது மாத்ரித்தில் இருக்கிறேன், ஆகவே ஸ்பெயின் பற்றி. மெக்சிகோவில் பழகிய மரியாதையெல்லாம் இங்கே கழன்றுவிடும். வங்கியில், கடையில், முதல் தடவை பார்க்கிற டாக்டரிடம்கூடத் தூ. பலரைச் சேர்த்துக் கேட்க "கோமோ எஸ்தாயிஸ்?". இந்த வடிவம் இந்த நாட்டுக்கு வெளியே அன்றாடப் பேச்சில் ஏறக்குறையக் கிடையாது, ஆகவே மெக்சிகோ கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள், நாடகம் போடுகிற மாதிரி இருக்கும்.

பதில்களில் "திராந்தோ" இங்கே ராஜா. இழுத்துக்கொண்டு போகிறேன். பெரியவர்கள் "பாமோஸ் திராந்தோ" என்று பன்மையில் சொல்வார்கள், ஒருவர் மட்டும் இருந்தாலும். வேலையும் காசும் பற்றிப் புலம்பி முடித்ததும் "உடம்பு நன்றாக இருந்தால் போதும்" என்று ஒரு வரி வரும். டிசம்பர் 22 கிறிஸ்துமஸ் லாட்டரிக் குலுக்கல், எதுவும் விழாதவர்கள் எல்லோரும் அன்று இதையே சொல்வதால் அந்த நாளுக்கே "ஆரோக்கிய தினம்" என்று கேலிப்பெயர்.

டாக்டரிடம் போனபோது ஒரு கூத்து. உள்ளே நுழைந்ததும் "ஓலா, கே தால்?" என்றார். வாய் தானாக "முய் பியென்" என்றது. இருமிக்கொண்டே. அவர் சிரிக்கவே இல்லை, "அப்படியா, அப்புறம் என்ன பிரச்சினை?" என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். நாள் முழுக்க எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்போல. உடம்பைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பது உறுதியாகத் தெரிய வேண்டுமானால் "கோமோ தெ என்குவெந்த்ராஸ்?" என்று வருகிறதா பாருங்கள். அதற்குப் பியென் போட்டு நழுவ வேண்டாம்.

கிராமத்துப் பக்கம் போனால் எதிரில் வருகிறவர் "அதியோஸ்" என்று சொல்லிவிட்டு நடப்பார். புத்தகத்தில் அதற்குப் போய் வருகிறேன் என்று இருக்கும், இன்னும் பேசவே இல்லையே என்று விழிப்பீர்கள். நின்று பேச நேரமில்லை, பார்த்தேன், வணக்கம், எல்லாம் அதில் அடக்கம். நீங்களும் அதியோஸ் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

5 மார்ச்

எழுத்தில் எப்படி என்று கேட்டவருக்கு. மெக்சிகோ, கொலம்பியா ஆட்களுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்தவுடன் "அந்தக் கோப்பை அனுப்பு" என்று எழுதாதீர்கள். "ஓலா, புவெனோஸ் தீயாஸ், கோமோ எஸ்தாஸ்?", வணக்கம், காலை வணக்கம், எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி, அதே செய்தியில் விஷயம். முதல் வரியை மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்களும் உண்டு, எனக்கு அது எரிச்சல். அவர்கள் பத்து நிமிஷம் கழித்துப் பியென் இ தூ என்பார்கள், நாம் இன்னொரு பியென் போட வேண்டும், கோப்பு மறுநாள் வரும். மின்னஞ்சல் என்றால் "எஸ்பெரோ கே எஸ்தேஸ் பியென்", நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். உஸ்தெத் என்றால் எஸ்தே. எஸ்தாஸ் அல்ல, எஸ்தேஸ், கவனம். விருப்பம், நம்பிக்கை என்று வந்தால் வினை உருமாறும். இலக்கணம் படிக்க நேரமில்லையென்றால் வரியை அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விக்கு முன்னால் தலைகீழ்க் கேள்விக்குறி போடுவதா? முறையான கடிதத்தில் போட வேண்டும், 1754-இல் ஸ்பானிஷ் அகாதமி வைத்த விதி. வாட்ஸ்அப்பில் அவர்களே போடுவதில்லை.

11 மார்ச்

மெக்சிகோ சந்தை பற்றி ஒன்று, தலைப்புக்குக் கொஞ்சம் தள்ளி. காய்கறிக்கடைக்காரர்கள் "கே லெ தாமோஸ், குவெரோ?", என்ன கொடுக்கட்டும் என்று கூப்பிடுவார்கள். குவெரோ என்றால் செந்நிறத்தவன், வெள்ளைத்தோலன். என் நிறத்துக்கு மதுரையிலேயே கருப்பன் என்று பெயர். முதலில் கிண்டல் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற என்னைவிடக் கருத்த பாட்டியையும் குவெரிதா என்றதும் புரிந்தது, வாடிக்கையாளர் எல்லோருக்கும் அதே பட்டம். அதை அப்படியே வாங்கிக்கொண்டு "கோமோ எஸ்தா?" என்று கேளுங்கள், ஒரு எலுமிச்சை கூடுதலாக விழும். பெரும்பாலும்.

22 மார்ச்

கேள்வி கேட்டவரே திரும்பி வந்திருக்கிறார், சிலே குழுவுக்கு மாற்றமாம். பாவம்.

அங்கே நண்பர்கள் "கோமோ எஸ்தாய்?" என்பார்கள், கடைசி ஸ் இருக்காது. பதில் "பியென், போ. இ தூ?". அந்த "போ" நம்மைத் துரத்துவதல்ல, வாக்கியத்தின் வாலில் சும்மா ஒட்டுவது. அவர்கள் எஸ்தாய் என்று கேட்டாலும் முதல் மாதம் நீங்கள் எஸ்தாஸ் என்றே சொல்லுங்கள், தலைமை அதிகாரி என்றால் எஸ்தா. வெளிநாட்டுக்காரர் முதல் நாளே எஸ்தாய் போட்டால் சிரிப்பார்கள், நல்லவிதமாகத்தான். போ மட்டும் வேண்டுமானால் இரண்டாவது வாரத்தில் ஆரம்பிக்கலாம்.